தேய்த்துக் கழுவிய கற்கள்

நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே ஓடையோரம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை வந்ததிலிருந்து வள்ளியாத்தாளின் கிணறு புளித்துக் கிடந்தது. மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கை அரைத்து மாவெடுத்த தண்ணீர் நேராக ஓடையில் இறங்கும். ஓடைத் தண்ணீர் கிணற்றில் ஊறும். மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தோட்டத்தை விற்றுவிட்டு மேட்டூரில் தன் தம்பி வீட்டுப் பக்கமாகப் போய்விடலாம் என்று புருஷன் நாச்சிமுத்து நச்சரித்துக்கொண்டே இருந்தான். அவள்தான் மறித்தாள். அந்தக் கிணறு வெட்டும்போது மண்கூடை சுமந்தவள் அவள். விட்டுக் கொடுப்பாளா?

எண்பத்திரண்டு வாக்கில் அரசாங்கம் கெடுபிடி செய்த பிறகு ஆலை முதலாளி அப்புசாமி ஒருவழியாக இறங்கி வந்தார். சேலத்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து, ஆள் உயரத்துக்கு வட்டமாகத் தொட்டி கட்டி உள்ளே கருங்கல்லை நிரப்பினார். மேலே ஓட்டை போட்ட குழாய்கள் ராட்டினம் மாதிரிச் சுற்றி, கழிவுத் தண்ணீரைக் கல்மேல் தூவும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி அடிக்கு வருவதற்குள் வாடை முக்கால்வாசி போயிருக்கும். பிறகு குட்டையில் தேங்கித் தெளிந்து ஓடைக்குப் போகும். குழாயில் கிழங்குச் சக்கையான திப்பி அடைத்தால் ஈர்க்குச்சியால் குத்திவிடச் சொன்னாரே தவிர, கல்லைப் பற்றி மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்தவர்களுக்குத் தங்களுக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு.

குழாயைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அப்புசாமி வள்ளியாத்தாளுக்கே கொடுத்தார். கிணற்றுக்காரியின் வாயை அடைத்த மாதிரியும் ஆயிற்று. அவள் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மழைக்காலம் போனதும் கிணற்றில் புளிப்பு விட்டது. அவளுக்கு அது போதும். அந்த வருஷம் துணிந்து மஞ்சள் நட்டாள்.

"இந்த ஒரு வெள்ளாமை எடுத்துப் பாக்கலாமுங்க. தேறலீன்னா நீங்க சொல்ற மாதிரியே மேட்டூருக்குப் போயிரலாம்" என்று புருஷனிடம் வாக்கும் கொடுத்தாள்.

ஆயுத பூசைக்கு ஆலையை நிறுத்தினார்கள். அரவை மிஷினிலிருந்து தராசு வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கல்தொட்டி மட்டும் கருத்துப்போய், தொட்டால் விரல் வழுக்குகிற கொழகொழப்போடு நின்றது. வள்ளியாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. போன கிணற்றைத் திருப்பித் தந்த தொட்டி, பூசை நாளில் இப்படியா நிற்பது? ஆலையில் வேலை செய்த உண்ணாமலையையும் ஆராயியையும் கூட்டிக்கொண்டு மேலடுக்குக் கற்களை இறக்கினாள். தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார்கள். அடியில் கிடந்த கற்களுக்கு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். கல்லெல்லாம் புதிதாக உடைத்தது போல ஆனதும் தொட்டிக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டாள். மனசு நிறைந்திருந்தது.

ஆலை மறுபடி ஓடியது. மேலே விழுந்த தண்ணீர் விழுந்த மாதிரியே அடியில் வந்தது, அதே வாடையோடு. இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, ஒரு கல்லை எடுத்து விரலால் தடவினார்.

"யாரும்மா கல்லைக் கழுவினது?"

"நாந்தானுங்க. பூசைக்குங்க."

"அந்தக் கொழகொழப்புலதாம்மா கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் இருந்துச்சு. தண்ணியில இருக்கற மாவை அதுங்கதான் தின்னுது. கல்லு அதுங்களுக்கு உக்கார ஒரு இடம், அவ்வளவுதான்."

"அப்ப அத்தனையும் நான் கொன்னு போட்டனுங்களா?"

"மறுபடியும் படரும். குட்டைச் சேத்தையும் சாணியையும் கரைச்சு ஊத்திட்டே வாங்க. சில மாசம் ஆகும். அதுவரைக்கும் ஆலையை நிறுத்தி, கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி விட்டா நல்லது" என்றார்.

"கெழங்கு வண்டி வாசல்ல வந்து நிக்குதுங்க சார். அழுகிப்போனா யாரு பதில் சொல்றது?" என்றார் அப்புசாமி. ஆலை நிற்கவில்லை.

கிணறு மறுபடி புளித்தது. மஞ்சள் பயிர் இலை நுனியில் கருகி, பிறகு தண்டோடு சாய்ந்தது. அழுகை வரும் என்று வள்ளியாத்தாள் காத்திருந்தாள், வரவில்லை. சோறு தின்றாள், தூங்கினாள், எதுவும் உறைக்கவில்லை. நாச்சிமுத்து ஒரு வார்த்தை ஏசியிருந்தாலாவது ஏதாவது உடைந்திருக்கும். அவன் ஏசவில்லை. தை மாதம் தோட்டத்தை அப்புசாமிக்கே கிரயம் பேசினான். யாரோ கையைப் பிடித்து வைத்த மாதிரி அவளும் பத்திரத்தில் ரேகை வைத்தாள்.

ஆனாலும் விடிந்ததும் சாணிக் கரைசலோடு தொட்டிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

"வித்த நெலத்துக் கெணத்துக்கு எதுக்கக்கா இந்தப் பாடு?" என்று உண்ணாமலை கேட்டாள்.

"தெரியலெ புள்ள" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. கை அதுபாட்டுக்குச் செய்தது. கற்கள் மெல்லக் கருத்தன. விரல் வழுக்கத் தொடங்கியது. அதைப் பார்த்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

மேட்டூரில் வீடு அமைய வைகாசி ஆகிவிட்டது. அதற்குள் கோடை மழை நன்றாகப் பெய்திருந்தது. கிளம்புகிற அன்று வாசலில் வண்டி நின்றது. நாச்சிமுத்து பாத்திர மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். வழியில் கைகால் கழுவ ஆகும் என்று வள்ளியாத்தாள் கிணற்றில் ஒரு குடம் சேந்தினாள். வாடை வரவில்லை. சந்தேகத்தோடு ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினாள். இனித்தது. கிணறு வெட்டிய அன்று குடித்த அதே தண்ணீர்.

அவள் நின்றதைப் பார்த்து நாச்சிமுத்து கையிலிருந்த கயிற்றோடு திரும்பினான். அவசரப்பட்டு விற்றுவிட்டோமோ என்று அவன் முகத்தில் ஒரு பயம் இருந்தது.

"எப்படி இருக்குது தண்ணி?"

"புளிக்குதுங்க" என்றாள்.

"நான் அப்பவே சொன்னனல்லோ" என்று பெருமூச்சு விட்டு அவன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். உள்ளங்கையில் இருந்த மிச்சத்தை அவள் குடித்தாள்.