யோகலிங்கம் வீட்டு ஐயர்

1.
இந்தக் கதை எனக்கு ஒரு பிரபுவின் சாப்பாட்டு மேசையருகே கிடைத்தது. நான் சாப்பிடவில்லை, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். 2006 கோடை, லண்டனின் மேற்கு ஓரத்தில் ஒரு பழைய மாளிகை. சுற்றிக்காட்டிய பெண் சொன்னாள்: அந்தக் காலத்துப் பெரிய வீடுகள் தங்களுக்கென்று ஒரு பாதிரியாரை வைத்திருந்தன. காலை மாலை ஜெபம், பிள்ளைகளுக்குப் பாடம், விருந்தாளிகளுக்குப் பேச்சுத்துணை எல்லாம் அவர்தான். ஆனால் சில வீடுகளில், இனிப்பு வருமுன் அவர் மேசையைவிட்டு எழுந்துவிட வேண்டும்.

2.
'பாதிரியார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மெல்ல...'

(இதோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பாதிரியாரை எனக்குத் தெரியாது. வெம்பிளியில் வாமதேவக் குருக்களைத் தெரியும்.)

3.
யோகலிங்கம் பலசரக்கு மொத்த வியாபாரி. கோயில் திருவிழாவில் முதல் காளாஞ்சியை, அந்த மரியாதை வெற்றிலைத் தட்டத்தை, தனக்குத் தராமல் தம்பி புவனேந்திரனுக்குக் கொடுத்தார்கள் என்று கோயிலை விட்டவர். தம்பி அதைக் கைநீட்டி வாங்கியதற்காகத் தம்பியையும் விட்டார். பிறகு வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டிப் பிள்ளையாரை வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குருக்களை அழைப்பித்தார்.

குருக்களுக்கு மேல்மாடியில் ஓர் அறை. இரண்டு வேளைப் பூசை செய்வார், பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பார், கடைக்குப் புது வான் வண்டி வந்தால் தேங்காய் உடைப்பார். யார் வந்தாலும் "எங்கடை வீட்டு ஐயர்" என்று யோகலிங்கம் அறிமுகப்படுத்துவார். குருக்கள் சிரிப்பார்.

(யோகலிங்கத்தைக் கெட்டவராக எழுதுகிறேனோ? ஐயருக்குக் குளிரும் என்று கடை கடையாய் ஏறி இறங்கிக் கோட்டு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.)

4.
ஒரு தை மாதக் காலையில் புவனேந்திரனின் மனைவி ஜெயகௌரி சவுத்தாலிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

"ஐயா, இவருக்கு இனி மருந்தில்லை எண்டு சொல்லிப்போட்டினம். ஒரு தேவாரம் கேக்க ஆசைப்படுறார். கோயில் ஐயர்மார் தைப்பூசத்தோடை நிக்கினம், வர ஏலாதாம். ஒருக்கா வாங்கோவன்."

குருக்களுக்குப் பின்னாலிருந்து யோகலிங்கம் சொன்னார்: "ஐயா இந்த வீட்டுக்கு வந்தவர். வேறை இடத்துக்கு வரமாட்டார்."

அவள் ஆஸ்பத்திரியின் பெயரைக் குருக்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

பூசையை முடித்த குருக்கள் வேட்டிக்கு மேல் கோட்டைப் போட்டார்.

"நான் ஒருக்காப் போட்டு வாறன்."

"போனா உங்களை இஞ்சை வைச்சிருக்க ஏலாது, ஐயா. விசாவும் நான் எடுத்துத் தந்தது."

"தெரியும்."

5.
இங்கிலீஷ் தெரியாதவர், இரண்டு பஸ் மாறி, வழியில் தமிழ் முகங்களாகப் பார்த்துக் கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். புவனேந்திரன் கண் திறக்கவில்லை. குருக்கள் அடங்கிய குரலில் பாடினார். பாட்டின் நடுவே நோயாளியின் உதடு அசைந்தது என்று ஜெயகௌரி என்னிடம் சொன்னாள். அண்ணனைப் பற்றி அந்த அறையில் ஒரு பேச்சும் எழவில்லை.

6.
முதல் வரைவில், குருக்கள் திரும்பி வரும்போது அவருடைய பெட்டியை வாசலில் வைத்திருந்தேன். அது நான் சோடித்தது, எடுத்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: யோகலிங்கம் பூசையறையில் தனியே நிலத்தில் இருந்தார். குருக்களைக் கண்டதும் கேட்டார்.

"அவன் என்னைக் கேட்டவனோ?"

7.
முடிவு ஒன்று: "ஓம், கேட்டவர்."

முடிவு இரண்டு: "இல்லை."

இரண்டில் எதைக் குருக்கள் சொன்னாரோ, யோகலிங்கம் உடனே காரை எடுத்துக்கொண்டு போனார். கட்டிலருகே இருந்து, பஞ்சை நனைத்து நனைத்துத் தம்பியின் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே இருந்தாராம். அந்த வாரமே புவனேந்திரன் இறந்துபோனார். குருக்களை யாரும் போகச் சொல்லவில்லை.

அன்று என்ன சொன்னீர்கள் என்று பிறகொருநாள் குருக்களைக் கேட்டேன்.

"கேட்டது அவர். அவருக்குச் சொன்னனான். உமக்கேன்?"

"கதைக்கு, ஐயா."

"கதைக்கெண்டா நீரே ஒண்டைச் சொல்லுமன்."

முயன்றேன். 'ஓம்' என்று எழுதினால், சாமிக்கு முன்னால் நின்று குருக்கள் பொய் சொல்கிறார். 'இல்லை' என்று எழுதினால், தன்னைத் தேடாத தம்பியிடம் ஒரு மனிதர் தனியாகக் கார் ஓட்டிப் போகிறார். இரண்டையும் எழுதி இரண்டையும் அழித்தேன்.

யோகலிங்கம் நிலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.