ரேகை வளரும்வரை

கண்ணாடித் தட்டில் விரல் வைத்தால் ரேகை பதிவது ரொம்பச் சுலபமான விஷயம். தட்டுக்கு அடியில் ஒரு விளக்கு எரிகிறது. விரலில் வரிகள் மேடும் பள்ளமுமாக ஓடுகின்றன. மேடு கண்ணாடியைத் தொடும், பள்ளம் தொடாது. தொட்ட இடம் கறுப்பாகவும் தொடாத இடம் வெளுப்பாகவும் இயந்திரத்துக்குத் தெரியும். மேடு பள்ளமே இல்லாமல் விரல் வழவழவென்று இருந்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத் தொடும். அப்போது இயந்திரத்துக்கு அது விரல் இல்லை, வெறும் கறை.

விசா அலுவலகத்தில் பாலிஷக்காவின் பத்து விரல்களில் ஏழு கறையாகத்தான் விழுந்தன.

பட்டறையில் எல்லோரும் அவளைப் பாலிஷக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் போடுகிற கிரானைட் பலகைகளின் விளிம்பை மெருகேற்றுவது அவள் வேலை. சுழலும் மெஷினில் முதலில் சொரசொரப்பான வட்டு, அப்புறம் அதைவிட நைஸானது, அப்புறம் இன்னும் நைஸானது என்று மாட்டிக்கொண்டே போக வேண்டும். தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வட்டும் முந்தைய வட்டு போட்ட கீறலை அழித்துவிட்டுத் தன் கீறலைப் போடும். கடைசி வட்டின் கீறல் கண்ணுக்குத் தெரியாது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும் என்பதால், அவள் கையுறையைக் கழற்றிவிட்டு ஈரக்கல்லில் விரலை ஓட்டிப் பார்ப்பாள். வருஷக்கணக்கில் அப்படி ஓட்டியதில் கல்லோடு சேர்ந்து விரலும் மெருகேறிவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டதே அந்த விரலுக்காகத்தான். இப்போது அதுவே வழியை மறித்துக்கொண்டு நின்றது.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. இன்னொரு தேதி போட்டுத் தருவதாகவும், அதிலும் பதியாவிட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும் என்றும் சொன்னாள். அதுவரை தண்ணீர், சோப்பு, கல் எதையும் தொடக் கூடாது. கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் போனில் அவ்வளவு பதமாகப் பேசவில்லை. வரிசையில் அடுத்த ஆள் நிற்கிறார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற அவள் கணவனுக்கு எதையும் விளக்கிச் சொன்னால்தான் மனசு ஆறும். ரேகை எங்கும் போய்விடவில்லை, அடித்தோலில் பத்திரமாக இருக்கிறது என்றான். தகரக் கூரைமேல் துணியைப் போர்த்தினால் தகரத்தின் வளைவு அப்படியே துணியில் தெரியும் இல்லையா? துணி நைந்து கிழிந்தால் புதுத் துணி போர்த்தலாம். வளைவு மாறாது. மேல்தோல் அந்தத் துணி. தேய்க்காமல் விட்டால் தானாக வளரும்.

தேய்க்காமல் விடுவதுதான் அவளுக்குக் கைவராத வித்தை. மறுநாளிலிருந்து பாத்திரத்தை நாத்தனார் துலக்கினாள், துணியைக் கணவன் துவைத்தான், பள்ளிக்கூடம் போகிற மகள் வாண்டு தரையைத் துடைத்தாள். அவள் சமையலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாணலியின் அடியில் எண்ணெய் நிற்கிறது, காலரில் அழுக்கு நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் ஒருநாள் துலக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "அண்ணி, கையைத்தான் சும்மா வைக்கச் சொன்னாங்க. வாயையும் சேத்துச் சொல்லியிருந்தா எங்களுக்குப் புண்ணியமாப் போயிருக்கும்."

அவளும் சிரித்தாள். ஆனால் அவள் வெளிநாடு போனபிறகு வாண்டுவைப் பார்த்துக்கொள்ளப் போவது இதே நாத்தனார்தான் என்று பேசி முடித்திருந்தது. அதனால் பார்க்கிற ஒவ்வொன்றும் அவளுக்கு வேறொரு கேள்வியாக வந்து விழுந்தது. பாத்திரத்தில் எண்ணெய் நின்றால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கவனிப்பார்களா என்று பயந்தாள். பாத்திரம் பளிச்சென்று இருந்த அன்றைக்கும் பயமாகத்தான் இருந்தது. அது என்ன பயம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வாண்டு பென்சில் முனையைச் சுரண்டி, தூளை அம்மாவின் விரலில் பூசி, ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்துப் பார்ப்பாள். முதலில் இடதுகை விரல்களில் வரி தட்டுப்பட்டது, அப்புறம் கட்டைவிரல்களில். வலது ஆள்காட்டி விரல் மட்டும் தேதி நெருங்கிய பிறகும் மொழுமொழுவென்றே இருந்தது.

"உனக்கு ஒம்போது விரல்தான்மா" என்றாள் வாண்டு. பாலிஷக்கா அன்றைக்கே விரலுக்குப் பூசுகிற களிம்பை மாற்றினாள். தூக்கத்தில் உரசிக்கொள்கிறதோ என்று விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு படுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது கணவன். மத்தியானம் சாப்பிட வந்தவன் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் இடதுகையில் போனை வைத்துக்கொண்டு, ஏஜென்ட் பேசுவதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வலது ஆள்காட்டி விரல் சமையல் மேடையின் விளிம்பில் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மேடைக்கல் பட்டறையில் கழித்துப் போட்டது. ஊர் வீட்டுக் கல்லுக்கெல்லாம் மெருகேற்றியவள் தன் வீட்டு விளிம்பை அறுத்த மேனிக்கே விட்டிருந்தாள். அந்தச் சொரசொரப்புக்கு உப்புத்தாள் கெட்டது போங்கள்.

அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "என்ன பண்ணிட்டிருக்கே?" என்று கேட்டான்.

"ஒண்ணும் பண்ணலையே."

"கையைப் பாரு."

பார்த்தாள். விரல் நுனியில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. கல்தூளா தோலா என்று தெரியவில்லை. மனசுக்குள் ஒரு கவலை வந்தால் கை தானாகக் கல்லைத் தேடிப் போயிருக்கிறது. எத்தனை நாளாக என்று யாருக்குத் தெரியும்?

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் திட்டவில்லை. எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். "உனக்குப் போக இஷ்டம் இல்லேன்னா இப்பவே சொல்லிடு. விரலைத் தேச்சுச் சொல்ல வேணாம்."

"இஷ்டந்தாங்க. இஷ்டமா இருக்கே, அதான் பயமா இருக்கு."

அவன் சாயங்காலம் பட்டறைக்குப் போய் மெஷினையும் வட்டுகளையும் இரவல் வாங்கிவந்தான். மேடை விளிம்பை அவனே இழைத்தான். அவள் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவசரத்தில் அவன் ஒரு வட்டைத் தாண்டி அடுத்ததை மாட்டியதை அவள் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். திரும்பவும் முதலிலிருந்து. முடிந்தபோது விளிம்பு அலை அலையாக இருந்தது.

"அண்ணிக்கு வர்றதுக்குள்ள அண்ணன் கல்லுக்கு ரேகை போட்டுட்டாரு" என்றாள் நாத்தனார்.

அலை இருந்தாலும் சொரசொரப்பு போய்விட்டது. அந்தக் கல்லில் இனி விரல் தேயாது. ஆனால் மிச்சமிருந்த நாட்களுக்குள் தோல் வளர்ந்துவிடுமா என்பதுதான் தெரியவில்லை.

குறித்த தேதியில் கணவனை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே அதே பெண். திரையில் இடதுகை நான்கும் பச்சை, அதாவது பதிந்துவிட்டது. கட்டைவிரல்கள் பச்சை. வலதுகையில் மூன்று பச்சை, ஆள்காட்டி விரல் மஞ்சள். அவள் அழுத்தினாள். மஞ்சள் சிவப்பானது.

"அழுத்தாதீங்கக்கா. அழுத்தினா மேடு நசுங்கிப் பள்ளத்தை மூடிடும்" என்றாள் அந்தப் பெண். லேசாக வைத்தால் விரல் நழுவிப் படம் கலைந்தது. நழுவாமல் நிறுத்த மறுபடி அழுத்தினாள். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்க வேண்டும், அது அவளுக்கு அகப்படவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அந்தப் பெண் இவளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஒரு மாணவன் வந்து வைத்தான், பத்தும் பச்சை, போய்விட்டான். தன் விரலைப் பற்றித் துளிகூட யோசித்திராத முகம் அவனுக்கு.

மறுபடி கூப்பிட்டபோது அவள் களைத்துப் போயிருந்தாள். கை தன் கனத்திலேயே தட்டில் கிடந்தது. மஞ்சள். மஞ்சள். பச்சை.

"அவ்வளவுதான்" என்றாள் அந்தப் பெண். காகிதத்தில் முத்திரை குத்திக்கொண்டே, "அங்க இறங்கினதும் இன்னொரு தடவை வைக்கச் சொல்லுவாங்க. ரெண்டும் ஒத்துப்போகணும். அதுவரைக்கும் இப்படியே பத்திரமா வச்சுக்குங்க" என்றாள்.

அப்படியானால் போகிற நாள்வரை வீட்டில் அவள் எதையும் தொடப்போவதில்லை. வாசலில் கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் தாகமாக இருந்தது. இத்தனை நாளும் தண்ணீரை யாராவது மொண்டு கையில் கொடுத்துவிடுவார்கள். அவள் டம்ளருக்காக அலமாரியைத் திறந்தாள். அங்கே மாவு டப்பாக்கள் இருந்தன. அடுத்த கதவைத் திறந்தாள், அங்கேயும் இல்லை.

"டம்ளரை எங்க வச்சீங்க?"

வாண்டு வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே கையை நீட்டி, தொட்டிக்குப் பக்கத்துக் கூடையைக் காட்டினாள். "அங்கதாம்மா. ரொம்ப நாளா அங்கதான் இருக்கு."