இடப்பக்கத்துப் பிள்ளை

புதுத் துவர்த்துத் துண்டில் பொதிந்த பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முருகதாஸ் வார்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வர அவனுக்குக் கால் எழவில்லை. சட்டையில்லாமல் நாற்காலியில் சாய்ந்து கிடந்த தம்பி அனில்குமாரின் நெஞ்சில், துணிக்கட்டுக்குள், இரட்டையில் மற்றவன் உயிரோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

"எந்திரிடே. வண்டி நிக்கு. பெத்தவன் ஒரு பிடி மண்ணு போடாண்டாமா?"

"நான் வரல்ல அண்ணே."

"ஊருல என்ன சொல்லுவாவ?"

"சொல்லட்டும். குழிக்குப் போயிட்டு வந்தா தீட்டு, மூணு நாளு பிள்ளையத் தொடப்படாதுன்னு நம்ம அக்கா காலையிலேயே சொல்லியாச்சு. மூணு நாளு இவன ஆரு நெஞ்சில வைப்பா? நீ வைப்பியா?"

முருகதாஸ் கையிலிருந்ததை மாற்றிப் பிடித்தான்.

ஏழாம் மாதத்திலேயே அனிலின் மனைவி இந்துஜாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வந்துவிட்டது. வயிற்றைக் கீறித்தான் இரண்டையும் எடுத்தார்கள். ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்ததுதான் தங்காது என்று பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். மருந்து பாதி, பெற்றவர்களின் உடம்புச் சூடு பாதி என்றார் டாக்டர். பெற்றவளோ கீழே இன்னொரு வார்டில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அதனால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் ஏறி போல்ட் முறுக்குகிற அனில், பத்துப் பெண்களுக்கு நடுவே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். முதல்நாள் வெட்கத்தில் செத்தான். "ஆம்பிளத் தள்ளை வந்தாச்சு, ஆம்பிள அம்மை" என்று பிள்ளைக்காரிகள் சிரித்தார்கள். பிறகு அவர்களே அவனுக்குக் கஞ்சி வாங்கி வைத்தார்கள்.

பெரியவன் இடப்பக்கம், சின்னவன் வலப்பக்கம். நர்ஸ் ராஜபாய் தினமும் ஒரு போட்டோ எடுத்துக் கீழே கொண்டுபோய் இந்துஜாவிடம் காட்டுவாள். பெரியவன் அவ்வப்போது மூச்சுவிட மறந்துபோவான். உள்ளங்காலில் விரலால் மெல்லச் சுண்டினால் திடுக்கிட்டு இழுத்துக்கொள்வான். அதையும் ராஜபாய்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள், கீழே இந்துஜாவுக்கும். இன்று விடிந்ததும் மறந்தவன், எத்தனை சுண்டியும் திரும்பவில்லை. டாக்டர் வாங்கிக்கொண்டுபோய் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"இஞ்ச கொண்டு வா அண்ணே" என்றான் அனில்.

முருகதாஸ் பக்கத்தில் வந்து குனிந்தான். அனில் துவர்த்தின் கீழ்நுனியை விலக்கினான். பெருவிரல் அளவுக்குக் கால். அவன் விரல் தானாக ஒருமுறை சுண்டியது. முருகதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அனிலுக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது. அழுதால் நெஞ்சு குலுங்கும், சின்னவன் விழித்துக்கொள்வான். பல்லைக் கடித்துக்கொண்டு துவர்த்தை மூடினான்.

"இந்துஜாட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா" என்றான் முருகதாஸ், போகும்போது. "பெரியவனக் கண்ணாடிப் பெட்டில வச்சிருக்குன்னு சொல்லு. பச்ச உடம்பு, அவ தாங்க மாட்டான்னு அக்கா சொன்னா."

மதியம் போன் வந்தது.

"முடிஞ்சுது மக்கா. ஒன் பங்கு மண்ணையும் நானே போட்டேன்."

"ஆழமா வெட்டினியளா அண்ணே? நாய் வரும்."

"ஆழந்தான். மேல முள்ளும் வச்சிருக்கு."

ராஜபாய் குழாய் வழியாகச் சின்னவனுக்குப் பால் விட்டுக்கொண்டே சொன்னாள்: "இனி இவன நடுவுல வைக்கலாம்லா அனிலு. ஓரத்துல கெடந்தா சரிஞ்சு போவான்."

"இருக்கட்டும் சிஸ்டர்."

அவள் வற்புறுத்தவில்லை. பால் இறங்கி முடிந்ததும் அவனே கேட்டான்.

"இவன் நடப்பானா சிஸ்டர்? கண்ணு தெரியுமா?"

"கண்ணு டாக்டர் வந்து பாப்பாரு. நடக்கப் பிந்தும். பிந்தினா என்ன? மொதல்ல எட கூடட்டும்."

மாலையில் இந்துஜாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளைப் பெற்றபின் அவள் அவர்களை நேரில் பார்க்க வருவது இதுதான் முதல்தடவை. முகம் ஊதிப்போயிருந்தது. யாரோ தலைசீவிப் பொட்டு வைத்துவிட்டிருந்தார்கள். பிள்ளைக்காரிகள் தங்கள் பிள்ளைகளின் மேல் குனிந்துகொண்டார்கள்.

சொல்லவேண்டியதை அனில் பத்துத்தடவையாவது மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான்.

"பெரியவனப் பெட்டில..." என்று தொடங்கினான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டோவில் தினமும் பார்த்த நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்க ஓரத்தில் ஒரு பிள்ளை. இடப்பக்கம் துணி தளர்ந்து கிடந்தது. அதன்மேல் அவன் கை, தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல், குவிந்தபடியே இருந்தது.

அனில் மீதியைச் சொல்லவில்லை.

இந்துஜா நாற்காலியை இன்னும் கிட்டே தள்ளச் சொன்னாள். ஊசி ஒட்டியிருந்த கையால் அவன் கையை எடுத்து விலக்கினாள். பிறகு துணிக்கட்டுக்குள் கைவிட்டு, சின்னவனின் பின்தலையைத் தாங்கி, மெல்ல மெல்ல நடுநெஞ்சுக்கு நகர்த்தினாள்.

பிள்ளை ஒருமுறை நெளிந்தான். அவள் விரல் அவன் உள்ளங்காலுக்குப் போயிற்று. சுண்டுவதற்கு முன்பே அவன் காலை இழுத்துக்கொண்டான்.