பின் சீட்டு

ரேடியேட்டர் மூடியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, கை சுட, உதறிக்கொண்டு நின்றாள் வெற்றிச்செல்வி. உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கைகாட்டி முக்கைத் தாண்டி, முந்திரித் தோப்பு ஓரமாக, பழைய வெள்ளை அம்பாசிடர் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“மூடியத் தொறந்து தண்ணிய ஊத்து பாப்பா,” என்றார் அவள் அப்பா ராசாங்கம், பின் சீட்டிலிருந்து.

“இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துரும். ஆறட்டும்.”

“முகூர்த்தம் முடிஞ்சிரும்.”

“முடியட்டும். நீ வர்ற வரைக்கும் ஒன்னும் தாலியக் கையில வச்சிட்டு நிக்கப் போறதில்ல.”

ராசாங்கம் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் ப்யூனாக இருந்து ரிடையர் ஆனவர். இந்தக் காரும் அங்கே ஓடியதுதான். இனி உதவாதென்று கழித்து ஏலம் விட்டபோது எடுத்தார். அன்று முதல் வேறு பொழுதுபோக்கு கிடையாது. காலையில் பானெட்டைத் திறந்தால் இருட்டும்போதுதான் மூடுவார். யூடியூப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கழற்றுவார், இன்னொன்றை மாட்டுவார். கார் கொதிப்பது நிற்கவில்லை. கொதித்தால் ஸ்டார்ட் ஆவதும் இல்லை.

இன்று அவருடைய பழைய அதிகாரியின் மகளுக்கு ஜெயங்கொண்டத்தில் கல்யாணம். அந்த அதிகாரி உட்கார்ந்து போன காரில், அதே பின் சீட்டில் உட்கார்ந்து போய் மண்டப வாசலில் இறங்க வேண்டும். ராசாங்கத்துக்கு அவ்வளவுதான் ஆசை. அந்த ஆசையை நினைத்தாலே செல்விக்கு உடம்பு கூசியது. இத்தனை வருசம் டீ வாங்கிவரச் சொன்ன ஆளிடம் போய் என்னத்தைக் காட்டுவது? வர மாட்டேன் என்றாள். அம்மா அழுததால் ஓட்ட வந்தாள்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். தொளதொளவென்று உள்ளே போனது.

“யாருப்பா இத மாட்டினது?”

“நாந்தான். அளவு சரியாத்தான இருந்துச்சு?”

“எதுக்கு அளவு? லாரிக்கா?”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “நெஞ்சுக்குள்ள என்னமோ கரிக்குது. வெறும் வயித்துல டீ குடிச்சது.”

“வாயு. போறப்ப சோடா வாங்கித் தரேன். எறங்காத, சட்டை அழுக்காவும்.”

அவள் படித்தது மெக்கானிக்கல். அந்த வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு என்று கேட்காத சொந்தக்காரன் இல்லை. மெக்கானிக்குக்கு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டினாள். ஜாக்கி கம்பியைக் கொடுத்து டைனமோவை நெம்பி, பெல்ட்டை இறுக்கினாள்.

மொபெட்டில் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு வந்தவர் வண்டியை ஓரங்கட்டினார். அய்யாக்கண்ணு, கைகாட்டியில் கறிக்கடை வைத்திருப்பவர். ராசாங்கத்துக்குத் தெரிந்தவர்தான்.

“என்னண்ணே, இன்னைக்கும் பொங்கிருச்சா?” என்றபடி உள்ளே குனிந்தவர் நிமிர்ந்து செல்வியைப் பார்த்தார். “ஏம் பாப்பா, அண்ணனுக்கு ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?”

“வெயிலுக்குத்தான்.”

“குட்டிய இங்கனயே கட்டிட்டு நான் வேணா ஏத்திட்டுப் போயி டவுன்ல வுட்டுர்றேன். ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிருவோம்.”

ராசாங்கம் மகளைப் பார்த்தார். கதவுப் பிடியில் கை வைத்திருந்தார்.

“அவரு கார்ல போயித்தான் எறங்கணுமாம்,” என்றாள் செல்வி. “உங்க மொபெட்ல எல்லாம் வருவாரா? நீங்க போங்க. இன்னும் அஞ்சு நிமிசத்துல எடுத்துருவேன்.”

ராசாங்கம் கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அய்யாக்கண்ணு மொபெட்டைக் கிளப்பி, திரும்பிப் பார்த்தபடியே போனார்.

மூடியை மெல்லத் திருகி, ஆவி அடங்கியபின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடியும். பற்றவில்லை.

“சோக்க இழு பாப்பா.”

“சூட்டுல யாராச்சும் சோக்க இழுப்பாங்களா? நீ வாய மூடிட்டு உக்காரு. உன்னாலதான் நடு ரோட்டுல நிக்கிறேன்.”

“சரி,” என்றார்.



சூட்டில் பெட்ரோல், எஞ்சினை ஒட்டிய பம்புக்குள்ளேயே ஆவியாகியிருக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட வேண்டும். பின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவர் தோளில் கிடந்த புதுத் துண்டை இழுத்தாள். ஒரு முனையை அவர் பிடித்திருந்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தாள், வந்துவிட்டது. முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றி, அது ஆறும்வரை ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சாவியைத் திருப்பினாள்.

பற்றிக்கொண்டது.

“பாத்தியாப்பா?” என்றாள். பதில் இல்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, பானெட்டை அடித்து மூடிவிட்டுக் கிளம்பினாள். “பேச மாட்டியா? பேசாத. மண்டபத்துல எறங்கறப்ப சிரிச்சுத்தான ஆவணும்?” மேடு ஒன்றில் வண்டி குலுங்கியது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில், அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து மோதுவது தெரிந்தது. நிமிரவில்லை.

ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடி பிடித்த கையை விட்டுவிட்டு, “எப்ப இருந்து வலி?” என்று கேட்டார்.

“நெஞ்சு கரிக்குதுன்னாரு.”

“வேர்த்துச்சா?”

“வேர்த்துச்சு.”

“கூட யாரும் இல்லையா?”

“நான் இருந்தேன்.”

“நீங்க பாக்கலையாம்மா?”

“வண்டியப் பாத்துட்டு இருந்தேன்.”

டாக்டர் போர்வையை அவர் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டார். மை பூசியது போலிருந்த தன் கைகளைச் செல்வி துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். ‘அம்மா’ என்று போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார். “வெளிய நிக்கிற வெள்ளைக் காரு யாருது? எஞ்சின் ஓடிட்டே கெடக்குது. ஆஃப் பண்ணும்மா.”

வெளியே வந்தாள். “ஆஃப் பண்ணா திரும்ப எடுக்காதுண்ணே.”

“எடுக்கலன்னா என்ன? அய்யாவத்தான் வேற வண்டில அனுப்பிருவாங்களே. இத ஓரமா வுட்டுட்டுப் போ.”

காரை மதில் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினாள். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. எஞ்சின் ஒரே சீராக ஓடியது. சாவியின் மேல் விரல்களை வைத்தாள். வாட்ச்மேன் தூரத்தில் நின்று கையைக் காட்டி ஏதோ சொன்னார். தலையை ஆட்டினாள். விரல்கள் சாவியின் மேலேயே இருந்தன.