ஹாஜறாவின் குசினியில் இரண்டு அடுப்பு

ஹாஜறாவின் புருசன் முகம்மது தம்பிக்குச் சாய்ந்தமருதுக் கடைத்தெருவில் விறகுக்கடை. ஊரில் பாதி அடுப்பு அவருடைய விறகில்தான் எரிந்தது. ஆனால் அவர் தம் வீட்டுக் குசினிக்குள் கடைசியாகக் கால் வைத்தது எப்போது என்று கேட்டால் ஹாஜறாவுக்கே நினைவில்லை. குசினி பெண்களுடைய இடம், ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை என்பது அவர் கொள்கை. சோறு வரும் வழி அவருக்குத் தெரியாது, வரும் நேரம் மட்டும் நன்றாகத் தெரியும். இந்தக் கொள்கையால் தனக்கு எவ்வளவு வசதி என்பது ஹாஜறாவுக்கு அந்த வருசம்தான் விளங்கியது.

எழுபத்தெட்டுப் புயல் அடித்து நாலைந்து வருசம் ஆகியிருந்தது. புயலில் சாய்ந்த தென்னையும் மாவும் புளியும் ஊர் முழுக்கக் குவிந்து கிடந்த காலத்தில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. அதெல்லாம் எரிந்து முடிந்த பிறகு முகம்மது தம்பியின் டிரக்டர் காட்டைத் தேடிப் போகத் தொடங்கியது. முதலில் பக்கத்துப் பற்றைகள், பிறகு இன்னும் தள்ளி, கடைசியில் சாகாமத்துக் குளத்துக்கு மேலே இருந்த காடு. விழுந்த மரம் வந்த இடத்தில் இப்போது வெட்டிய மரம் வந்தது. பச்சை விறகு. ஹாஜறா ஊதுகுழலோடு மல்லுக்கட்டி, கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமி இருமி ஓர் உலையைக் கொதிக்க வைப்பதற்குள் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் நஸீறா டீச்சர் ஊர்ப் பெண்களுக்குப் பின்னேர வகுப்பு ஒன்று ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பிக்கிறவள், மெலிந்த உருவம், பெரிய குரல். எங்கோ போய்ப் பயிற்சி எடுத்து வந்து, புற்றுமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து ஓர் அடுப்புக் கட்டிக் காட்டினாள். நெருப்பு ஒரு வாயில் எரியும். அதன் சூடு வீணாகாமல் உள்வழியாகப் போய் அடுத்த வாயில் வைத்த சட்டியையும் கொதிக்க வைக்கும். பாதி விறகு போதும், புகையும் குறைவு.

அடுப்போடு அவள் நிற்கவில்லை. விறகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். குளத்துக்கு மேலே மரம் போனால் மழைக்கு மண் கரைந்து குளத்துக்குள் இறங்கும், குளம் மேடாகும், மாரியில் நிரம்பி வழிகிற குளம் கோடையில் சேறாகிவிடும் என்று கரும்பலகையில் படம் கீறினாள். பின்வரிசை வாங்கில் அரைத்தூக்கத்தில் இருந்த ஹாஜறா அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குச் சீதனமாக வந்த வயல் சாகாமத்துக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டையில்தான் இருந்தது. போன கோடைச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாது என்று, வாய்க்கால் நீர் பங்கிடும் வட்டவிதானை கையை விரித்திருந்தார். மழை பொய்த்துவிட்டது என்றுதான் முகம்மது தம்பி சொன்னார், அவளும் நம்பியிருந்தாள்.

மறுநாளே, அவர் கடைக்குப் போன கையோடு, ஹாஜறா பின்வளவில் மண் குழைத்தாள். குசினியின் உள்மூலையில் புது அடுப்பு எழுந்தது. காய்ந்ததும் அதில் சோறும் மீனாணமும் ஒன்றாகக் கொதித்தன. கதவோரம் இருந்த பழைய மூன்று கல் அடுப்பை அவள் கலைக்கவில்லை. அவர் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து அதில் கொஞ்சம் தேங்காய்ப் பொச்சுமட்டையைப் போட்டுப் புகைய விடுவாள். புகை முன்கூடத்துக்கு வந்தால்தான் அவருக்குப் பசிக்கும். இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, கைமணம் என்றால் உன் கைமணம்தான் என்பார். ஹாஜறா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையைக் கடிப்பாள்.

இப்படியே சில மாதங்கள் ஓடின. அதற்குள் டீச்சரின் அடுப்பு பல வீடுகளுக்குப் போயிற்று. விறகு விற்பனை இறங்கியதும் முகம்மது தம்பிக்கு மூக்கு வியர்த்தது. காலிதீனின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, அந்த அடுப்பில் ஆக்கின சோற்றில் மண் வாடை வீசுகிறது, மூன்று கல்லில் வேகாத சோறு சோறே இல்லை என்று பேச ஆரம்பித்தார். ஆம்பிளைகள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நேற்றுவரை ருசித்துத் தின்ற சோற்றை முகர்ந்து பார்த்தார்கள். முகர்ந்தால் எதிலும் ஒரு வாடை வரத்தானே செய்யும். சில வீடுகளில் அடுப்பை உடைக்கச் சொன்னார்கள். வகுப்பில் வாங்குகள் காலியாகின.

அத்தோடு விடாமல் அவர் ஒரு சவாலும் விட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் வீட்டுக்கு வாருங்கள், டீச்சர் ஒரு சட்டி சோறும் இறைச்சியாணமும் அனுப்பட்டும், என் பெண்சாதியும் ஆக்கட்டும், ஒரே அரிசி, ஒரே இறைச்சி, நாக்கு சொல்லட்டும் என்றார். தோற்றால் அந்த அடுப்பைத் தம் வீட்டிலேயே கட்டுவதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

நஸீறா வாடிப்போய் ஹாஜறாவிடம் வந்தாள். ருசி பார்ப்பவர்கள் எல்லாரும் அவருடைய கூட்டாளிகள், என்ன ஆக்கி அனுப்பினாலும் மண் வாடை என்றுதான் சொல்லப் போகிறார்கள், போகாமல் இருப்பதே நல்லது என்றாள். ஹாஜறா அவளைக் குசினிக்குள் கூட்டிப் போய் உள்மூலையைக் காட்டினாள். டீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"நீங்க உங்கட வீட்டுல மூணு கல்ல வெச்சு ஆக்குங்க டீச்சர். நான் இதுல ஆக்குறன்."

"அது பொய்யில்லையா ராத்தா?"

"நாம எங்க பொய் சொல்லப் போறம்? கேட்டா உள்ளத சொல்லுவம். கேக்காட்டி நாம என்ன செய்ற?"

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிவாசலிலிருந்து நேரே ஆம்பிளைகள் வந்து முன்கூடத்துப் பாயில் அமர்ந்தார்கள். இரண்டு பெரிய சஹன் தட்டுகளில் சோறும் ஆணமும் போயின. எது எந்த வீட்டுச் சோறு என்று முகம்மது தம்பியே எல்லோருக்கும் சொன்னார். ஹாஜறாவும் நஸீறாவும் குசினி வாசல் சீலைக்குப் பின்னால் நின்றார்கள்.

டீச்சரின் சஹனில் முதல் பிடி எடுத்ததும் முகம்மது தம்பி முகத்தைச் சுளித்தார். பிறகு எல்லோரும் சுளித்தார்கள். ஒருவர் புற்றுமண் என்றார், இன்னொருவர் இல்லை, சாணம் என்றார். நஸீறாவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, அவள் நன்றாகச் சமைப்பவள். ஹாஜறா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுச் சஹனுக்கு வந்தபோது சத்தமே இல்லை, விரல் நக்கும் ஓசை மட்டும்தான். சமையலே தொழிலான காலிதீன் மட்டும் இரண்டிலும் மாறி மாறித் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். எனக்கென்றால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வெற்றி தலைக்கேறிய முகம்மது தம்பி எழுந்தார்.

"சும்மா வாயால கதைக்கிறல்ல. வாங்க, வந்து பாருங்க. என்ட வீட்டு மூணு கல்லடுப்ப கண்ணால பாருங்க."

ஹாஜறா இதை எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ வருசமாகக் குசினிப் பக்கம் வராத மனிசன், பின்னால் ஒரு படையோடு சீலையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெண்கள் இருவரும் முக்காட்டை இழுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். கதவோரத்து மூன்று கல்லுக்கு நடுவே, காலையில் புகைந்த மட்டையின் இளஞ்சூட்டுச் சாம்பலில், வீட்டுப் பூனை சுருண்டு படுத்து நித்திரை. உள்மூலையில் மண்ணடுப்பு. அதன் மேல் இறைச்சியாணத்தின் மிச்சம் இன்னும் தளதளத்துக்கொண்டிருந்தது.

பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"அப்ப டீச்சர்ட சோறு?" என்று காலிதீன்தான் கேட்டார்.

"எங்கட பின்வளவுல மூணு கல்ல வெச்சு ஆக்கின," என்றாள் நஸீறா. "கொள்ளியும் இவங்கட கடையிலதான் வாங்கின."

காலிதீன் சிரிக்கத் தொடங்கியதுதான், கூட்டம் முழுவதும் சிரித்துக்கொண்டு வாசலால் இறங்கிப் போயிற்று. அந்தச் சிரிப்பு தெருமுனை தாண்டும்வரை கேட்டது. சாணம் வாடை என்று சொன்னவர்தான் எல்லோரிலும் உரக்கச் சிரித்தார். டீச்சரும் நழுவிவிட்டாள். முகம்மது தம்பி அடுப்பையும் ஹாஜறாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ட வீட்டுக்குள்ள எனக்கே தெரியாம இத எப்ப கட்டின?"

"வீடு உம்மா எனக்குத் தந்த வீடு. குசினியும் அதோட சேந்ததுதான். கொள்ளி மட்டும்தான் உங்கட."

புருசன் பெண்வீட்டில் வந்து வாழ்வதுதான் அந்த ஊர் வழக்கம். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இனி இந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஹாஜறா அன்று பின்னேரம் முழுக்கச் சிரித்தாள். மறுநாள் சிரிப்புக் குறைந்தது. அவர் வந்து படுக்கிறார், விடிந்ததும் போகிறார், சோறு காலிதீனின் கடையில். சோறு போட்டு மூடிவைத்த கோப்பை மூடினபடி இருக்க அவளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஊர் பார்க்க அவரைச் சிரிப்புக்காளாக்க அவள் நினைக்கவில்லை. சுளித்த முகத்தைச் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, பிறகு தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் நடந்தது நடந்துவிட்டது. போய்க் கூப்பிடவும் ரோசம் விடவில்லை.

ஆனாலும் அவர் தாமாகவே திரும்பி வந்தார். காலிதீனின் கடையில் சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனவர், அங்கே நஸீறா டீச்சர் நின்று வேலையாட்களுக்கு மண் குழைக்கச் சொல்லிக் கொடுப்பதைக் கண்டிருக்கிறார். பக்கத்தில் இன்னோர் அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததாம். இத்தனை நாளும் தின்றது எதில் ஆக்கியது என்று அவர் கேட்கவே இல்லை. நேரே வீட்டுக்கு வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கோப்பையை முன்னால் இழுத்தார்.

ஹாஜறா சோறு போட்டாள். பாதி சாப்பிட்டபின், தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"ஊரெல்லாம் இத வெச்சா நான் என்ன செய்ற ஹாஜறா? என்ட கடை என்னாகும்?"

அந்தக் குரலில் வீம்பு இல்லை. ஹாஜறாவும் விளையாட்டை விட்டுவிட்டாள்.

"உங்கட டிரக்டர் எங்க போய் வெட்டுது? நம்மட வயலுக்குத் தண்ணி எங்கயிருந்து வருது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கொள்ளி வித்து வாற காச நீங்க இஞ்ச கொண்டு வாறீங்க, நெல்லா வரவேண்டியது அங்க வயல்லயே போகுது."

அவர் சாப்பிட்டு முடித்துக் கோப்பையைத் தாமே எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தார். புது அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து, வாய்க்குள் எட்டிப் பார்த்தார், கையை விட்டு அளந்தார். பிறகு வெளியே அடுக்கியிருந்த விறகில் ஒரு கட்டையைக் கொண்டுவந்து நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"இதுக்குள்ள நீ எப்பிடி எரிச்ச?"

"கோடாலியால பொளந்துதான். கை கொப்புளிச்சுப் போச்சு."

அவருக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வியாபாரியின் வெளிச்சம் அது, ஹாஜறாவுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த கிழமையே கடையின் முன்னால் மெல்லிசாகப் பிளந்த விறகு, சிறு சிறு கட்டாகக் கயிறு போட்டு, வரிசையாக நின்றது. பெரிய கட்டையைப் பிளந்து களைத்த பெண்கள் ஆள்விட்டு வாங்கினார்கள். பிளந்தால் கொஞ்ச விறகே பெரிய குவியலாகிறது என்பதை அவர் சீக்கிரம் கண்டுகொண்டார். மர ஆலைத் துண்டும் தென்னம்மட்டையும் சிரட்டையும் கடைக்கு வந்தன. சாகாமத்துப் பக்கம் டிரக்டர் போவது குறைந்து, பிறகு நின்றது. குளம் அதனால் உடனே ஆழமாகிவிடவில்லை. அடுத்த சிறுபோகத்துக்கும் தண்ணீர் மட்டுமட்டுத்தான், மரம் வளர வருசம் எடுக்கும் என்று நஸீறா முன்பே சொல்லியிருந்தாள்.

முகம்மது தம்பியோ கடைக்கு வருகிறவர்களை நிற்க வைத்து, சூடு எப்படி ஓடுகிறது, புகை ஏன் குறைகிறது என்று விளங்கப்படுத்தத் தொடங்கினார். தாமே கண்டுபிடித்த மாதிரி. இதைக் கேள்விப்பட்ட நஸீறா, சிரிப்பை அடக்கிக்கொண்டு, விறகு பிளப்பது பற்றி வகுப்பில் வந்து பேச முடியுமா என்று ஆளனுப்பிக் கேட்டாள். அவர் முதலில் பிகு பண்ணினார். பிறகு புதுச் சாரன் உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு போனார்.

வகுப்பு நிறைந்திருந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்று அவர் பேசினார், பேசினார், பொழுதுபட்டு மஃரிபு நெருங்கும்வரை பேசினார். விறகிலிருந்து அடுப்புக்குத் தாவி, அடுப்பிலிருந்து சமையலுக்கே போய்விட்டார். கடைசியில், ஏதும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். முன்வாங்கிலிருந்து ஒருத்தி மெல்ல எழுந்தாள்.

"அரிசியப் போட்டு ஒரு கொதி வந்த பொறகு கொள்ளிய உள்ளுக்குத் தள்ளுறதா, வெளிய இழுக்கிறதா?"

முகம்மது தம்பி தொண்டையைச் செருமினார். சால்வையைச் சரிசெய்தார். பிறகு மெதுவாகக் கண்ணைப் பின்வாங்குப் பக்கம் ஓட்டி ஹாஜறாவைத் தேடினார். ஹாஜறா மிகுந்த அக்கறையோடு கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.