மீசை வைத்த பால்மாப் பிள்ளை

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவின் ஆட்டை நான் சும்மா விட்டது பெரிய பிழை. மல்லாவிச் சந்தியில் நிரஞ்சன் டிக்கெற் வாங்கிப் படம் காட்டும் வீடியோக் கொட்டிலுக்குப் போஸ்டர் செய்பவள் நான். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வன்னியில் கோதுமை மா கிடையாது. மரவள்ளி மாவைக் காய்ச்சித்தான் ஒட்டுவேன். அது ஆட்டுக்கு விருந்து. அந்த வெள்ளிக்கிழமைப் போஸ்டரில் கதாநாயகனின் தலை, கதாநாயகி முழுவதும், படத்தின் பெயர் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. நாசமாய்ப் போன ஆடு!

"அக்கா, இந்த முறையும் சனம் வராட்டில் இனிப் போஸ்டரே வேண்டாம். சைக்கிளிலை ஸ்பீக்கர் கட்டி அறிவிக்கப் போறன்," என்று நிரஞ்சன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். இந்த வேலையை விட எனக்கு மனமில்லை. வேறெந்த வேலையில் கதாநாயகனின் மீசையை என் விருப்பத்துக்கு வைக்க விடுவார்கள்?

புதுத் தாளுக்கு எங்கே போவது? கையில் கிடைத்ததைக் கிழிந்த இடங்களில் ஒட்டினேன். தலைக்குப் பால்மாப் பேணியில் சுற்றியிருந்த தாளில் சிரிக்கும் குழந்தை. அதற்கு அடுப்புக்கரியால் ஒரு மீசை. கதாநாயகி நின்ற இடத்தில் பேப்பரில் வந்த டிராக்டர். படத்தின் பெயருக்கு ஒரு பழைய கல்யாணக் கார்ட்டின் அரைவாசி.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சித்திர மாஸ்டர் அமிர்தநாதர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, இது பின்நவீனத்துவமல்லோ!"

"இல்லை மாஸ்டர், ஆடு திண்டது," என்றேன்.

மூன்று மணிக் காட்சிக்குக் கொட்டில் நிரம்பி வழிந்தது. துணுக்காயிலிருந்துகூடச் சைக்கிளில் வந்தார்கள். நிரஞ்சன் வீடியோ டெக்கில் போட்டதோ ஏற்கெனவே ஆறு தரம் ஓடிய கசெற். பத்து நிமிடத்தில் பேச்சியம்மா எழும்பிவிட்டா.

"மீச வச்ச புள்ள எங்க? டிராக்டர் எங்க? எங்கள ஏமாத்துறீங்களா?"

"உங்கடை ஆட்டைக் கேளுங்கோ!" என்று கத்தினேன்.

"பிள்ளையைக் காட்டு!" என்று கொட்டிலே அதிர்ந்தது. நிரஞ்சன் என்னை முறைத்தான். எனக்கு வந்ததே கோபம்! விறுவிறென்று போய் டிவிக்கு முன்னால் நின்றேன்.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ. அந்தப் பிள்ளை பிறக்கேக்கையே மீசையோடைதான் பிறந்தது," என்று தொடங்கினேன்.

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. பிள்ளை டிராக்டரைக் காதலித்தது. டிராக்டரின் தகப்பன் ஒரு லொறி. அவர் ஒரு புல்டோசரை மாப்பிள்ளையாகப் பேசிவிட்டார். மண்ணெண்ணெய் முடிந்து மணவறை வாசலில் டிராக்டர் நின்றுவிட்ட கட்டத்தில் பேச்சியம்மா மூக்கைச் சிந்தினா. நிரஞ்சன் மெல்லப் போய் ஜெனரேற்றரை நிறுத்தினான். ஒருவரும் எழும்பவில்லை. பிள்ளை தாலி கட்டியதும் விசில் பறந்தது.

சனம் போன பிறகு நிரஞ்சன் ஜெனரேற்றருக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க் கானைக் குலுக்கிப் பார்த்தான். அரைவாசிக்கு மேல் மிச்சம்.

"அக்கா, அடுத்த வெள்ளிக்கும் போஸ்டர் ஒட்டுங்கோ."

"என்ன படத்துக்கு?"

"படமோ? அதை இப்ப ஆர் கேட்டது? நீங்கள் ஒட்டுங்கோ."

சொல்லிவிட்டு டெக்கைத் துணியால் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். வேலை போனது எனக்கில்லை, டெக்குக்குத்தான்.