பெருக்கல் குறியும் வட்டமும்

பதினொன்றாவது முட்டையும் கைவிட்டுவிட்டது என்று தெரிந்த காலையில், அதை எடுத்து வெளியே போட மனம் வராமல் பல்லிக்காரி அடைகாக்கும் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். நேற்றுவரை பால்வெள்ளையாக, கெட்டியாக இருந்த முட்டை ஒரு பக்கம் குழிந்து மஞ்சளாகியிருந்தது. பக்கத்தில் பன்னிரண்டாவது முட்டை, அதுதான் கடைசி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிடந்தது.

பல்லிக்காரி என்று பெயர் வைத்தவர் கீழ்வீட்டுத் தையல்காரர். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். பிறகு அடுக்குமாடியிலுள்ள பதினைந்து குடும்பங்களுக்கும் அவளுடைய சொந்தப் பெயரே மறந்துவிட்டது. அவள் வளர்த்தது சுவரில் ஓடும் சாதாரணப் பல்லியும் அல்ல. உள்ளங்கை நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, கொழுத்த வால். கண்ணாடித் தொட்டிக்குள் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, புழுவைக்கூட யோசித்துத்தான் தின்னும். அதன் பெயரே மகாராணிதான்.

வீடு ஐந்தாவது மாடியில், இரண்டே அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர், சுவரில் ஒரு குழாய், குழாயில் துரு. ஆறு வருடமாக அவள் அந்தத் துருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விலங்கியல் படித்து, ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலையும் பார்த்தவள். கல்யாணமான இரண்டாம் மாதம் மாமியார் படியில் வழுக்கி விழுந்தார், இரண்டு முழங்காலும் போயின. "யாராவது ஒருத்தர் வீட்ல இருந்தாகணும்" என்று கணவன் சொன்னபோது, அந்த யாராவது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலும் கீழும் அனுப்புவது அவன் பிழைப்பு. அவன் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. ஆக, இரண்டு பெண்கள் ஐந்தாவது மாடியில் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கால் இல்லை, இன்னொருத்திக்குக் காலிருந்தும் பயனில்லை.

வழி ஒன்று திறந்தது போன வருடம்தான். நகரத்துக்கு வெளியே ஊர்வனக் காப்பகம் ஒன்றில், குஞ்சு பொரிக்கும் அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். காப்பகத்தின் பேருந்தே தெருமுனைக்கு வரும். நேர்காணல் நடத்திய டாக்டரம்மா அவளுடைய படிப்பைப் பார்த்தார், ஆறு வருட இடைவெளியையும் பார்த்தார். "உங்க கையால ஒரே ஒரு குட்டி பொரிச்சுக் காட்டுங்க. இந்தப் பருவம் முடியறவரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்" என்றார். கணவன் முகத்தைச் சுளித்தான். மாமியார்தான் மகனை அடக்கினார். "அவ போகட்டும்டா. சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சட்டி சோறு நான் வடிச்சுக்கமாட்டேனா?"

ஆக, எல்லாம் ஒரு முட்டையில் வந்து நின்றது.

அவள் முயலாத வழி இல்லை. முதல் ஜோடி கெட்டபோது சூட்டைச் சந்தேகப்பட்டு இரண்டாவது வெப்பமானி வாங்கினாள். இரண்டும் இருபத்தெட்டு டிகிரி என்று ஒரே குரலில் சத்தியம் செய்தன. அடுத்த ஜோடியில் பூஞ்சை படர்ந்தது. ஈரம் அதிகம் என்று முட்டை புதைத்திருந்த துகள்களை மாற்றி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றினாள். மூன்றாவதில் ஆண்பல்லியைச் சந்தேகப்பட்டாள், பாவம். டார்ச் வெளிச்சத்தில் முட்டைக்குள் சிவப்பு நரம்பு ஓடுவதைப் பார்த்ததும் அவனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். சலவை இயந்திரத்தின் அதிர்வாக இருக்குமோ என்று ஒரு மாதம் கையால் துவைத்தாள். அடிக்கடி திறந்து பார்த்தால் சூடு போகும் என்று முதல் ஜோடியிலிருந்தே தனக்கு ஒரு சட்டமும் போட்டிருந்தாள். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, இரவு ஏழு மணிக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வைத்தாள். "பெட்டியைத் திறக்காதீங்க, சூடு போயிடும்." ஆனால் ஒவ்வொரு தடவையும் கரு பிடிக்கும், நரம்பு விடும், பிறகு ஒருநாள் அப்படியே அடங்கிவிடும்.

குழிந்த முட்டையைக் கரண்டியால் தூக்கினாள். முந்தின பத்தும் பூஞ்சை மூடி, தொடவே கூசும்படி போனவை. அவற்றைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டிருந்தாள். இது சுத்தமாக இருந்தது. மேலே அவளே பென்சிலால் போட்ட பெருக்கல் குறி. பல்லி முட்டை கோழி முட்டை மாதிரி அல்ல. இட்ட வாக்கிலேயே கிடக்க வேண்டும். கரு உள்ளே மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் மூழ்கிச் சாகும். எந்தப் பக்கம் மேலே என்று தெரிவதற்குத்தான் அந்தக் குறி.

முட்டையைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் ஒரு வட்டம் இருந்தது.

பென்சில் வட்டம், பொட்டு அளவு. சுத்தமாக, கை நடுங்காமல் போட்டது. அவள் வட்டம் போட்டதே இல்லை.

வட்டம் போடுகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியும். மாமியார் இருபத்தாறு வருடம் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர். இயந்திரம் வராத காலம். ஆயிரக்கணக்கான முட்டைகளைக் கையால்தான் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் குஞ்சு ஓட்டில் ஒட்டிச் சாகும். "ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் வட்டம். காலைல பெருக்கல் மேல இருந்தா சாயங்காலம் வட்டம் மேல. என் கையில ஒரு முட்டை தப்பாது" என்று அவர் சொல்லி அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள், பாதிக் காதோடு. அவள் 'திருப்பாதே' என்று எழுதியதை மாமியார் 'திருப்பு' என்று படித்திருக்கிறார். அதோடு, மறுபக்கம் வட்டம் போட மறந்துவிட்டாளே என்று அதையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அவளுக்கு முதலில் வந்தது வெறும் ஆத்திரம். கிழவி வேண்டுமென்றே செய்கிறாள், வாயால் போ என்று சொல்லிவிட்டுக் கையால் கதவை அடைக்கிறாள் என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். எட்டு மணிக்குத் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

மாமியார் வாக்கரை நகர்த்தி நகர்த்தி வந்தார். சமையலறைத் தொட்டியில் கையைக் கழுவினார். சேலைத் தலைப்பில் துடைத்து, உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்தார். மூடியை ஒரு விரல் அளவுதான் தூக்கினார், சூடு போகக் கூடாது அல்லவா. இரண்டு விரலை மட்டும் உள்ளே விட்டு மிச்சமிருந்த ஒரு முட்டையைத் திருப்பினார். மூடிய பிறகும் அங்கேயே நின்றார்.

"சீக்கிரம் வந்துரு கண்ணு" என்றார் பெட்டியிடம். "அவ பஸ் ஏறணும். என்னாலதான் அவ இப்படிக் கிடக்குறா."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பல்லிக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆத்திரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. போன இடத்தில் அழுகைதான் இருந்தது. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

குளிக்காமலே வெளியே வந்து, தன் சட்டத்தைத் தானே மீறிப் பன்னிரண்டாவது முட்டையை டார்ச்சில் வைத்துப் பார்த்தாள். நரம்பு இல்லை. மங்கலான மஞ்சள் மட்டும்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் மாமியார் கட்டிலில் இருந்து.

"போயிடுச்சு அத்தை. இதுவும் போயிடுச்சு."

மாமியாருக்கு முகம் செத்துவிட்டது. "நான் இருந்து உனக்கு என்ன புண்ணியம்?" என்றார். கொஞ்ச நாளாகவே அவர் இப்படித்தான் பேசுகிறார். சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார், மருந்தை வேண்டாமென்கிறார். இருப்பதே பாரம் என்று ஒரு எண்ணம் உள்ளே விழுந்துவிட்டது. அந்த மனுஷிக்கு மிச்சமிருக்கும் ஒரே பெருமை அந்த இரண்டு கைதான்.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அதில் காதில் வைத்துக் கேட்பது பழுதாகி மாதக்கணக்காகிறது. எதைப் பேசினாலும் ஒலிபெருக்கியில்தான், வீடு முழுக்கக் கேட்கும்.

"என்னம்மா, பொரிஞ்சுதா?" டாக்டரம்மாதான்.

"இல்லைங்க. பன்னிரண்டும் போயிடுச்சு."

"சரி, கவனமா கேளுங்க. இன்னும் அஞ்சு நிமிஷத்துல கமிட்டி உக்காருது, நான் ஒரு பேரைச் சொல்லணும். முட்டை பொரியாம போறது எங்களுக்கும் நடக்கறதுதான். ஏன் போச்சுன்னு கண்டுபிடிக்கிற ஆள்தான் எனக்கு வேணும். காரணம் தெரிஞ்சுதா? அதைச் சொல்லுங்க, போதும். இடம் உங்களுக்குத்தான்."

மாமியார் அதற்குள் வாக்கரைக்கூட மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மருமகளின் முழங்கையைப் பற்றிக்கொண்டு, 'சொல்லு, சொல்லு' என்று தலையை ஆட்டினார். கண்ணெல்லாம் ஆசை.

காரணம் நாக்கு நுனியில் இருந்தது. அதை எப்படிச் சொன்னாலும் அதில் 'திருப்பியதால்' என்ற ஒரு வார்த்தை வந்தே தீரும். யார் திருப்பியது என்று சொல்ல வேண்டாம், நானே திருப்பிவிட்டேன் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் முழங்கையைப் பிடித்திருக்கும் கைக்குப் புரிந்துவிடும். அவள் பேருந்தில் ஏறிப் போவாள். நாள் முழுக்க அத்தை இந்த வீட்டில், தன் கையாலேயே கொன்ற பன்னிரண்டு முட்டைகளோடு தனியாக உட்கார்ந்திருப்பார்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேங்க. காரணம் தெரியலைங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நீங்க சொல்லுவீங்கன்னு நம்பினேம்மா. சரி, வேற பேரைக் கொடுத்திடறேன்." இணைப்பு அறுந்தது.

அவள் தொலைபேசியை மேசைமேல் வைத்தாள். எதிர்ச்சுவரை வெறித்தாள். தன் கதவைத் தானே சாத்தித் தாழ் போட்டுக்கொண்டோம் என்பது தெளிவாகத் தெரிந்தது. சரியாகத்தான் செய்தோமா என்பது மட்டும் தெரியவில்லை.

மாமியார் அவளை விடவில்லை. முழங்கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, குற்றம் செய்த பிள்ளை மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. நீ திறக்காதேன்னு சொன்னே. நான் கேக்கலை. நீ குளிக்கப் போறப்பவும், சாயங்காலம் மொட்டைமாடியில துணி எடுக்கப் போறப்பவும், ரெண்டு வேளையும் நான்தான் திருப்பிவிட்டுட்டு இருந்தேன். குறி போட்டியே தவிர, நீ திருப்புறதே இல்லையே. ஆனா ரெண்டு வேளை பத்தலைபோல. எங்க பொரிப்பகத்துலயும் பெரிய மேஸ்திரி மூணு வேளைன்னுதான் சொல்லுவாரு."

"அத்தை..."

"அடுத்த பருவத்துக்கும் ஆள் கேக்காமலா போயிடுவாங்க? மகாராணி முட்டை இடட்டும். மூணு வேளையும் நான் திருப்புறேன்."

அவள் வாயைத் திறந்தாள். ஐந்து நிமிஷம் முன்னால் சொல்லியிருந்தால் வேலையைக் கொடுத்திருக்கும் 'திருப்பியதால்' என்ற வார்த்தை, இப்போது யாருக்கும் எதையும் கொடுக்காது.

"வேண்டாம் அத்தை. நீங்க சிரமப்படாதீங்க."

"சிரமம் என்னடி சிரமம்?" மாமியார் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "உனக்காக இதுகூட நான் செய்யக் கூடாதா?"